ஒரு சக்கரம் மட்டும் சுட்டது

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்று நான் உட்கார்ந்திருந்த கார் என்னைக் கேட்காமல் பின்னால் போனது.

இதை எழுதியாக வேண்டும். நாலாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் எழுத்து மறக்கவில்லை. எதுவுமே எனக்கு மறப்பதில்லை. பேத்தி இலக்கியா திண்டுக்கல் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது இந்த டைரியைக் கையில் கொடுத்து, "அப்பத்தா, எல்லாரையும் வாயால திட்டுறத இதுல எழுதிப்போடு. வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதைத்தான் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நடந்தது இது. முட்டி வலிக்கு வத்தலக்குண்டு டாக்டரிடம் போக வேண்டும். மருமகள் பவளக்கொடி காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஏழு பேர் உட்காருகிற பெரிய கார். மகன் தெய்வேந்திரன் போன வருஷம் பழைய வண்டியாக வாங்கியது. எங்கள் தெரு மலைச்சரிவில் செங்குத்தாக ஏறுகிற தெரு. காப்பிக்கொட்டை ஒன்று கையிலிருந்து தவறி விழுந்தால் அடுத்த வீட்டுக்காரன்தான் எடுத்துத் தர வேண்டும். அதனால் இங்கே வண்டி வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் டயருக்கு அடை கொடுக்க ஒரு கல் உண்டு. எங்கள் கல்லில் தெய்வேந்திரன் மஞ்சள் பெயிண்டில் 'தெ' என்று எழுதியிருக்கிறான். அப்படி எழுதியும் பக்கத்து வீட்டுச் சடையாண்டி அடிக்கடி அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் ஜீப்புக்கு வைத்துக்கொள்வான். என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை அவன். வேலியை நகர்த்தி எங்கள் ஆரஞ்சு மரத்தைத் தன் பக்கமாக்கிக்கொண்டவனுக்குக் கல் ஒரு பெரிய விஷயமா?

நேற்றும் கல் இல்லை. நான் நடு சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பவளம் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஹேண்ட் பிரேக் கம்பியைக் கர்ர்ர் என்று இழுத்தாள். அந்தச் சத்தம் எனக்குப் பல்லைக் கூச வைக்கும். எஞ்சினை ஓட விட்டபடியே, "குடைய மறந்துட்டேன் அத்தை" என்று உள்ளே ஓடினாள்.

வண்டி அசைந்ததே எனக்கு முதலில் தெரியவில்லை. வீடுதான் அசைந்தது. வாசல் கேட், துளசிச் செடி, கொடியில் கிடந்த என் சேலை எல்லாம் சத்தமே இல்லாமல் மேலே ஏறிப் போயின. சாமி சப்பரம் கிளம்புகிற மாதிரி அத்தனை நிதானம். என் வீடு என்னை விட்டுவிட்டு எங்கோ புறப்படுகிறது என்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிய இரும்பு, யாரும் தொடாமல், பூனை மாதிரிப் போகிறது.

பிறகு இடி. சடையாண்டியின் காப்பிக் களத்துச் சுவர் வண்டியைப் பிடித்துக்கொண்டது. கோழிக்கூண்டு அப்பளமாகிவிட்டது. கோழிகள் மேய்ச்சலில் இருந்ததால் தப்பின. கூண்டுக்குப் பக்கத்தில் சற்று முன்வரை சடையாண்டியின் பேத்தி சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்ததாம். சோறு ஊட்ட உள்ளே தூக்கிப் போயிருந்தார்கள். சொப்புச் சட்டி ஒன்று டயருக்கு அடியில் இருந்தது.



தோட்டத்திலிருந்து தெய்வேந்திரன் ஓடி வந்தான். "ஹேண்ட் பிரேக் போட்டியா இல்லையா?"

"போட்டேங்க. கியர்ல போடாம இறங்குனது என் தப்புதான். ஆனா பிரேக்கப் போட்டேன்."

"போட்டா எப்படி உருளும்? அம்மா, நீ சொல்லு. போட்டாளா?"

தெருவே கூடி நிற்கிறது. என் தலையில் வீங்கியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அதட்டுகிறான். "எனக்கென்னடா தெரியும்" என்றேன்.

"இனிமே நீ வண்டியத் தொடக்கூடாது" என்று பவளத்திடம் சொல்லி, சாவியைக் கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வைத்துவிட்டான்.

அக்டோபர் 15, புதன்

பவளம் காலையில் நடந்தே போனாள்.

அவள் கிராம நர்சு. மேலே சிதறிக்கிடக்கிற குடிகளுக்கெல்லாம் ஊசி போடுவதும் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பதும் அவள் வேலை. பஸ் பாதி வழிவரைதான். அதற்கு மேல் இத்தனை நாளாகக் காரில் போய்க்கொண்டிருந்தாள். இப்போது மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். போகும்போது 'போயிட்டு வர்றேன்' என்று என்னிடம் சொல்லவில்லை.

சொல்லாமல் போவது இவர்கள் குடும்பத்துக்கே வழக்கம். கல்யாணத்தன்று இவள் அம்மா, சம்பந்தியம்மா, பந்தியில் என் காதில் விழுகிற மாதிரி, "மலங்காட்டுக்குல்ல பொண்ணக் குடுக்குறோம், அங்க பாம்புதான் இருக்கும்" என்றாள். அரக்குக் கலர் பட்டு கட்டியிருந்தாள். இலையில் அப்போது வைத்தது வாழைக்காய் வறுவல். இருபத்தொரு வருஷம் ஆகிறது. வறுவலில் உப்பும் இல்லை.

சடையாண்டி கல்லைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "மதினி, கூண்டு போனா போகுது. உசுரு தப்புச்சே" என்றான். நல்லவன் மாதிரிப் பேசினான். அதையும் எழுதிக்கொள்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மெக்கானிக் சவரிமுத்து பட்டிவீரன்பட்டியிலிருந்து வந்தான். வரும்போதே பேச்சு, போகும்போதும் பேச்சு. வண்டிக்குள் தலையை விட்டான், ஏதோ ஒரு திருகைத் திருகினான், கம்பியை இழுத்துக் காட்டினான். முன்பு தோள்பட்டை உயரத்துக்கு வருகிற மாதிரி எழும்பியது இப்போது கொஞ்சம்தான் எழும்புகிறது.

"டைட் பண்ணியாச்சுண்ணே. யானைய கட்டிப்போடலாம்."

தெய்வேந்திரன் வாசலில், கல் வைத்தபடியே, இழுத்துப் பார்த்தான். வண்டி நின்றது. கல் இருந்தால் வாழைப்பழத்தைக் கட்டி வைத்தாலும்தான் நிற்கும். ஆனால் அவன் பவளத்தைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா? பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

மீதியை அவன் சொல்லவில்லை. சொல்லாததுதான் எல்லார் காதிலும் விழுந்தது. பவளம் அடுப்படிக்குப் போனாள். அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. பூண்டு உரித்தாள். ஒரு பல் கூட நசுங்காமல் உரித்தாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. அதிரசம் இளகிவிட்டது. சாவி சாமி அலமாரியில்தான் இருக்கிறது. விளக்கேற்றும்போது சாமியைப் பார்க்காமல் சாவியைப் பார்த்தேன்.

அக்டோபர் 22, புதன்

இன்று தெய்வேந்திரன் ஓட்ட, விட்டுப்போன டாக்டர் வேலை முடிந்தது. முட்டிக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். அது கிடக்கட்டும்.

மகன் வண்டி ஓட்டுகிற விதத்தை நான் இதுவரை உற்றுப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். அவன் நிறுத்தினால் கியரில் போடுகிறான், இறங்குகிறான், கல் தேடி வைக்கிறான். அந்தக் கம்பியைத் தொடுவதே இல்லை. "ஏன்டா அத இழுக்க மாட்டேங்குற?" என்று கேட்டேன்.

"சும்மா சும்மா இழுத்தா ஒயர் தேஞ்சுரும்மா. அவசரத்துக்குன்னு இருக்கட்டும்."

வண்டி வாங்கியபோது சீட்டுக்குப் போட்ட புது உறையின் பிளாஸ்டிக்கைக் கூட இவன் இன்னும் கிழிக்கவில்லை. இவன் அப்பாவும் இப்படித்தான். கல்யாணத்துக்கு வந்த சில்வர் டிபன் கேரியரை நல்ல நாளுக்கென்று பரணில் போட்டார். அவர் காரியத்தன்றுதான் இறக்கினோம்.

மலையேறி வீட்டுக்கு வந்து இறங்கும்போது, இரும்புக் கரண்டியை அடுப்பில் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. தெய்வேந்திரன், "முன்னாடி போன லாரி வாடையா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கல்லை வைத்துவிட்டு உள்ளே போனான். லாரி போய் எவ்வளவு நேரமாயிற்று! நான் பின்சக்கரத்தைப் பிடித்துத்தான் எப்போதும் காலை ஊன்றி நிமிர்வேன். வலப்பக்கச் சக்கரத்தின் நடு இரும்பில் கை பட்டது. சுட்டுவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டேன். சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய்த் தொட்டேன். குளத்துக் கல் மாதிரிச் சில்லென்று இருந்தது.

ஒரே வண்டி. ஒரே ரோடு. ஒரு சக்கரம் கொதிக்கிறது, ஒன்று குளிர்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உயிருள்ள எதையோ தொட்டுவிட்ட மாதிரி இருந்தது.

பவளம் வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஏன் பேச வேண்டும்? முருங்கை மரத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஒரு சக்கரம் சுடுது. ஒண்ணு சில்லுனு கெடக்குது. எனக்கென்ன வந்துச்சு."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது.

"எந்தச் சக்கரம் அத்தை?"

"முருங்கை மரத்துக்கிட்டப் பேசிட்டிருக்கேன்."

"சரி, முருங்கை மரத்துக்கிட்டயே சொல்லுங்க. எது சுடுது?"

"சோத்துக்கை பக்கம்."

அவள் இரண்டு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தாள். சுகர்காரர்களின் பாதத்தைப் பிடித்துப் பார்ப்பாளே, அதே மாதிரி, புறங்கையால். "ஒரு கால் சூடா, ஒரு கால் சில்லுன்னு இருந்தா, ஒரு பக்கம் ரத்தம் போகலன்னு அர்த்தம்" என்றாள். என்னிடம் சொன்னாளா, வண்டியிடம் சொன்னாளா தெரியவில்லை. கண் மட்டும் பளபளவென்று இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று நான் பார்த்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

தெய்வேந்திரன் காப்பி விலை பேசப் பஸ்ஸில் கீழே போயிருந்தான். அவன் தலை மறைந்ததும் பவளம் போன் போட்டாள். சவரிமுத்து பைக்கில் வந்து இறங்கினான்.

"நான்தான் டைட் பண்ணிட்டேனே சிஸ்டர். திரும்ப என்ன?"

"டைட் பண்ணது ஒரு பக்கம் மட்டும் புடிச்சு உரசுது. ரெண்டு சக்கரத்தையும் கழத்துங்க. உள்ள பாக்கணும்."

"உள்ள ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இல்லைன்னா காட்டுங்க."

அவன் முனகிக்கொண்டே, பவளம் தொடாத சாவியைத் தானே அலமாரியிலிருந்து எடுத்து, வண்டியைச் சடையாண்டியின் சமதளமான களத்துக்குக் கொண்டுபோனான். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டை அடுக்கினான். எனக்குச் சடையாண்டியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். அவன் வீட்டு நாற்காலியில் உட்காருவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். முட்டி கேட்கவில்லை.

சக்கரம் கழன்றது. அதன் பின்னால் பானை மாதிரி ஓர் இரும்பு. டிரம் என்கிறார்கள். சவரிமுத்து சுத்தியலால் சுற்றித் தட்டி அதை இழுத்ததும் உள்ளே திறந்தது. நான் நாற்காலியில் முன்னால் சரிந்துவிட்டேன்.

இரண்டு பிறைநிலா. ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. நடுவில் ஸ்பிரிங் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. "சிஸ்டர், உள்ள போய் இழுங்க" என்றான் சவரிமுத்து. பவளம் வண்டிக்குள் போய்க் கம்பியை இழுத்தாள். வலப்பக்கத்துப் பிறைகள் இரண்டும் மூச்சு இழுக்கிற மாதிரி மெல்ல விரிந்தன. விட்டாள். சுருங்கின. "இன்னொரு தரம்" என்றேன். விரிந்தன. "இன்னொரு தரம்."

"கெழவி படம் பாக்குது" என்றான் சவரிமுத்து.

படம்தான். முன்னால் உட்கார்ந்து ஒருத்தி கையை உயர்த்துகிறாள். வண்டிக்கு அடியில் இருட்டில் ஓடுகிற ஒரு ஒயர், என் சுண்டுவிரல் கனம் கூட இல்லாதது, அந்தக் கையைச் சக்கரம்வரை கொண்டுபோகிறது. அங்கே இந்த இரண்டு பிறையும் விரிந்து அந்த இரும்புப் பானையை உள்ளிருந்து அமுக்கிப் பிடிக்கின்றன. அவ்வளவுதான். அதில்தான் வண்டி நிற்கிறது. அதற்குள் நாங்கள் அத்தனை பேரும், காப்பி மூட்டையும், பேத்தியின் டிரங்குப் பெட்டியும். இத்தனை நாள் இதன் மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றிருக்கிறேன்.

இடப்பக்கம் திறந்தார்கள். பவளம் இழுத்தாள். பிறைகள் அசையவே இல்லை. "இழுத்தியா?" என்றேன். "இழுத்துட்டுத்தான் இருக்கேன் அத்தை!" என்று உள்ளேயிருந்து குரல். ஒயரின் உறைக்குள் துரு ஏறி ஒயரும் உறையும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. வலப்பக்கப் பிறைகளில் ஒட்டியிருந்த லைனர் பட்டை, இரண்டு பக்கத்து வேலையையும் தனியாகவே செய்து, பழைய செருப்பு மாதிரித் தேய்ந்திருந்தது. அன்றைக்கு அது கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்திருக்கிறது. பிறகு முடியாமல் விட்டிருக்கிறது.

"நான் அன்னைக்கே சொன்னேன், கேபிள் போயிருக்கும்னு" என்றான் சவரிமுத்து.

"நீ சொன்னது, யானைய கட்டிப்போடலாம்னு. வெள்ளிக்கிழமை. நீலச் சட்டை போட்டிருந்த" என்றேன். அவன் குனிந்து ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான்.

"ஏன் துருப்பிடிச்சுச்சு?" என்று பவளம் கேட்டாள்.

"மலையில மழை, மூடுபனி. இழுத்து விட்டு இழுத்து விட்டு இருந்தா ஒயர் ஓடிட்டே இருக்கும், துரு ஏறாது. போடாமலே வச்சிருந்தா இப்படித்தான். இந்தத் தெருவுல எல்லாரும் கல்ல நம்பி இத மறந்துட்டீங்க."

பத்திரமாக வைத்ததால் கெட்டிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திண்டுக்கல்லில் சொல்லி வைத்துத்தான் ஒயர் வர வேண்டும் என்றான். சக்கரமில்லாமல் கட்டையின் மேல் வண்டி நிற்க, கைநிறையக் கருப்பு மையோடு பவளம் நிற்க, சாயங்கால பஸ்ஸில் தெய்வேந்திரன் வந்து இறங்கினான்.

"யாரக் கேட்டு இதெல்லாம் கழத்துன?"

பவளம் வாயைத் திறப்பதற்குள், "என்னக் கேட்டு" என்றேன்.

அவன் திரும்பினான். "உன்னையா?"

"ஆமா. நான்தான் கழத்தச் சொன்னேன். அந்த இடது பக்கத்த இழுத்துப் பாரு. அன்னைக்கு இவ கர்ர்ருன்னு இழுத்தா. நான் காதாலக் கேட்டேன். இழுத்தும் நிக்கலன்னா வண்டியத் திட்டு."

"அன்னைக்குக் கேட்டப்ப தெரியாதுன்னு சொன்ன?"

"அன்னைக்கு நீ கேட்ட விதம் சரியில்ல."

சடையாண்டி சிரித்தான். தெய்வேந்திரன் குனிந்து அசையாத அந்தப் பிறைகளை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனான்.

நான் அவளுக்காகப் பேசவில்லை. சடையாண்டி களத்தில் வைத்துப் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் அவனுக்கு அது ஒரு மாசத்துப் பேச்சு. அதனால்தான்.

இரவு என் முட்டிக்குத் தைலம் தேய்க்க அவளாகவே வந்தாள். கையில் கிரீஸ் வாடை போகவில்லை. பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

இரண்டு பக்கமும் புது ஒயர், புது லைனர். சவரிமுத்து முதல் தடவை திருகியதையெல்லாம் தளர்த்திவிட்டு, முதலில் சக்கரத்தில் சரிசெய்து, அதற்கப்புறம்தான் கம்பியில் சரிசெய்தான். கம்பியை விட்டால் சக்கரம் கையால் தள்ளினாலே சுற்ற வேண்டும், இழுத்தால் இரண்டு பேர் சேர்ந்தாலும் சுற்றக்கூடாது என்று பவளம் பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

பிறகு தெருவுக்கு ஏற்றினார்கள். டயரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பின்னால் கல்லை வைத்து, உருண்டால் அதில் முட்டிக்கொள்ளட்டும் என்று, பவளம் கம்பியை இழுத்துவிட்டுக் காலை எடுத்தாள். கியர் இல்லை. வண்டி நின்றது. தெரு முழுக்க அந்த ஒரு சாண் இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிக்கிற நேரம் அப்படியே நின்றது. என் மூச்சு எனக்கே கேட்டது.

"ம்ம்" என்றான் தெய்வேந்திரன்.

சாவி மறுபடி சாமி அலமாரிக்குப் போய்விட்டது.

நவம்பர் 6, வியாழன்

பவளம் சொல்வதைக் குறித்துக்கொள்கிறேன். மகனுக்கு நினைவுபடுத்துவது இனி என் பொறுப்பு.

நிறுத்தும்போது காலால் பிரேக்கை நன்றாக மிதித்து, மிதித்தபடியே கம்பியை இழுத்து, அப்புறம்தான் காலை எடுக்க வேண்டும். ஓடுகிற வண்டியை இந்தக் கம்பியால் நிறுத்தக்கூடாது. தினம் ஒரு தடவையாவது இழுத்து விட வேண்டும். கிளம்பும்போது முழுசாக இறக்க மறக்கக்கூடாது, சிவப்பு விளக்கு அணைந்ததா பார்க்க வேண்டும். வண்டி கழுவினாலோ, தண்ணீரில் இறங்கி வந்தாலோ, நிறுத்துவதற்கு முன் காலால் இரண்டு மூன்று தடவை மிதித்து மிதித்துக் காய வைக்க வேண்டும். பல நாள் ஓட்டாமல் போட்டால், சமதளத்தில், கியரில் போட்டு, கல் வைத்து, கம்பியை இறக்கி வைக்கலாம், இல்லாவிட்டால் ஈரத்தில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கம்பி வழக்கத்தைவிட உயரமாக எழும்ப ஆரம்பித்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

தினமும் அவன் வண்டியை நிறுத்தினால் ஜன்னல் வழியாக, "இழுத்தியா?" என்று கேட்கிறேன். "இழுத்துட்டேம்மா" என்கிறான். "மிதிச்சிட்டு இழுத்தியா?" என்கிறேன். இன்று சடையாண்டியும் அவன் வீட்டு ஜன்னலிலிருந்து, "மதினி, நானும் மிதிச்சிட்டுத்தான் இழுத்தேன்" என்று கத்தினான்.

நவம்பர் 19, புதன்

மழை விடவில்லை. பவளம் நனைந்து வந்தாள். காலில் அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம். மஞ்சள் வைத்தேன். மேல்காட்டுக் குடியில் ஒரு பெண்ணுக்கு நிறைமாசமாம், தினமும் போய்ப் பார்க்க வேண்டும், நடந்து எட்டவில்லை என்றாள். வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாமா என்று தானே பேசிக்கொண்டாள்.

தூக்கம் பிடிக்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. அழுகை மலையே அதிர்கிற அழுகை என்று பவளம் இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னாள். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி நேற்று நடந்தது.

நேற்று எனக்கு டாக்டரிடம் போகிற நாள். தெய்வேந்திரன் காப்பிப் பழம் எடுக்க ஆள் விட்டிருந்தான், நகர முடியாது. "அடுத்த வாரம் போவோம்மா" என்றான். நான் சாமி அலமாரியைத் திறந்தேன். சாவியை எடுத்தேன். பவளத்தின் கையில் வைத்து, "வண்டிய எடு" என்றேன். தெய்வேந்திரன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "மழையா இருக்கு, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தான். அவ்வளவு லேசாக முடிந்துவிடும் என்று தெரிந்திருந்தால் போன மாசமே எடுத்திருப்பேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பும் வழியில் பவளத்துக்குப் போன் வந்தது. மேல்காட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் கிளம்பியிருக்கிறது, ஆனால் நாங்கள் தாண்டி வந்த ரோட்டில் மரம் சாய்ந்து, அதற்கு அந்தப் பக்கம் நிற்கிறது. பவளம் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"உங்கள வீட்டுல விட்டுட்டுப் போனா நேரமாயிரும் அத்தை."

"என்னைய எதுக்கு விடணும்? போ."

அந்தப் பாதையை ரோடு என்று சொல்ல முடியாது. ஏற ஏற முன்கண்ணாடியில் தரை மறைந்து வெறும் வானம் நின்றது. மேல்காட்டில் முதல் வீட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தினாள். ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. மிதித்தாள். இழுத்தாள். மெல்லக் காலை எடுத்தாள். கியரில் போட்டாள். பின்னால் நகர்ந்தால் திட்டில் போய் மோதட்டும் என்று ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்தாள். இறங்கிக் கல் தேடினாள். எல்லாம் சேறு. வைத்த கல் அமுங்கிப்போனது.

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். முகத்தில் மழை வழிந்தது. "அத்தை, இறங்கி அந்த வீட்டுல உக்காந்துக்கிறீங்களா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று தெரிந்தது. "இந்த முட்டிய வச்சுக்கிட்டுச் சேத்துலயா? நீ போ. அங்க ஒருத்தி கத்திட்டுக் கெடக்கா."

ஓடினாள்.

நான் தனியாக இருந்தேன். மூடுபனி ஏறி வந்து முதலில் மரங்களை எடுத்துக்கொண்டது, பிறகு பாதையை, பிறகு வண்டியின் மூக்கை. எதுவும் மேலே போகவில்லை, எதுவும் கீழே போகவில்லை. உலகத்தில் அந்த ஒரு வண்டி மட்டும் மேகத்தில் சாய்ந்து நிற்கிறது, அதற்குள் நான். எனக்குக் கீழே இருட்டில் அந்த நாலு பிறையும் விரிந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் கண்ணுக்குத் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். காதைக் கொடுத்துக் கேட்டேன், வண்டியிடம் ஒரு முனகல் கூட இல்லை. மழைச் சத்தம் மட்டும்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கதவைத் தட்டுகிற சத்தம்.

"அத்தை. அத்தை! என்ன ஆச்சு உங்களுக்கு?"

கண்ணைத் திறந்தேன். பவளம் பயந்துபோய் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஆகலடி. அசந்துட்டேன்."

"இங்கயா?" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையா என்னவென்று நான் பார்க்கவில்லை.

"தலைப்பிள்ள, நேரம் இருக்கு. ஆனா இங்க வச்சிருக்க வேண்டாம், கீழ மரத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆம்புலன்ஸ்ல ஏத்திரலாம். நகருங்க."

நகர்ந்தேன். போர்வையைப் போர்த்தி அந்தப் பெண்ணை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். சின்னப் பெண். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வண்டிக்கு ஓரடி முன்னால் அவளுடைய மாமியார் நின்றுவிட்டாள். வண்டி நிற்கிற சரிவைப் பார்த்தாள், மறுபக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தாள், மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆத்தாடி, இம்புட்டு மேட்டுல நிக்குதே! காலத் தூக்கி வைக்கையில உருண்டுச்சுன்னா? ஏறாத புள்ள, ஏறாத!"

பவளம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் சொன்னால் யார் கேட்பார்கள்? நான் கதவை இன்னும் அகலமாகத் தள்ளி, அந்தப் பெண்ணுக்குக் கையை நீட்டினேன்.

"உருளாது. பிரேக் போட்டது எம் மருமக. ஏறு."